செகண்ட் ஹேண்ட் யூவி எக்ஸ்போஸிங் பெட்டி: வாங்கறதுல இருந்து முத பிரிண்ட் வரைக்கும் எல்லாரும் கேக்கற கேள்விங்க

போன வருசம் பல்லடம் ரோட்டுல ஒரு சின்ன பிரிண்டிங் யூனிட்டை மூடறாங்கன்னு கேள்விப்பட்டு போயி, பத்து டியூப் போட்ட பழைய எக்ஸ்போஸிங் பெட்டி (ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கு யூவி, அதாவது புற ஊதா லைட்டை வெச்சு ஸ்கிரீன்ல டிசைனை ஏத்தற பெட்டி) ஒண்ணை பேரம் பேசி வாங்கி குட்டியானையில ஏத்திட்டு வந்தேன். இப்ப அது அவிநாசியில எங்க வீட்டு மாடி ரூம்ல இருக்குது. நான் முன்னாடி பனியன் கம்பெனியில டேபிள் பிரிண்டிங் வேலை பாத்தவன், இப்ப காகிதத்துலயும் துணியிலயும் கையில பிரிண்ட் போடறேன். பெட்டியை பாக்க வர்றவங்களும் அதே மாதிரி ஒண்ணு வாங்கிட்டு முழிக்கறவங்களும் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியத்தான் கேக்கறாங்க, அதனால எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வெச்சுட்டேன்.

ஏனுங்க, இந்தப் பெட்டி உள்ளுக்குள்ள என்னதான் பண்ணுது?

கீழ லைட்டு, அதுக்கு மேல கண்ணாடி, கண்ணாடி மேல பிலிமையும் (டிசைனை கருப்புல பிரிண்ட் எடுத்த தெளிவான ஷீட்டு) ஸ்கிரீனையும் (பிரேம்ல இழுத்துக் கட்டுன வலை) வெச்சு அமுக்கிப் பிடிக்க ஒரு ரப்பர் ஷீட்டு, காத்தை உறிஞ்ச ஒரு பம்பு. அவ்வளவுதாங்க. ஸ்கிரீன்ல பூசுன எமல்ஷன்ங்கற மருந்து மேல யூவி பட்ட எடம் கெட்டியாயிரும், பிலிம்ல கருப்பு இருக்கற எடத்துக்கு நேரா லைட்டு படாம மெதுமெதுன்னு நின்னுக்கும், தண்ணி அடிச்சா அது மட்டும் கரைஞ்சு ஓடி ஓட்டை விழுந்துரும், அந்த ஓட்டை வழியாத்தான் இங்க் எறங்குது. எமல்ஷனுக்கு வேண்டியது சுமாரா 350ல இருந்து 420 நானோமீட்டர் வரைக்குமான லைட்டு.

வாங்க வர்றவங்க எல்லாரும் லைட்டைப் பத்தியே கேக்கறாங்க. டியூப் போனா வேற டியூப் மாட்டிக்கலாம். ரப்பர் ஷீட்டும் கண்ணாடியும் பிரேமும் சரியில்லாம பிலிமுக்கும் எமல்ஷனுக்கும் நடுவுல ஒரு நூல் கேப் இருந்தாக்கூட லைட்டு பக்கவாட்டுல நுழைஞ்சு கருப்புக்கு அடியில போயிரும், மெல்லிசு கோடெல்லாம் அடைச்சுக்கும், அப்ப எத்தன வாட்ஸ் லைட்டு இருந்தும் பிரயோஜனம் இல்ல.

வெயில் ஓசியில கெடைக்குது, அப்பறம் எதுக்குங்க மெஷின்?

நியாயமான கேள்விதான். நம்மூர் மத்தியான வெயிலுக்கு டயசோங்கற மருந்து கலந்த எமல்ஷன் ரெண்டு மூணு நிமிசத்துல ஆயிரும், நானும் பல வருசம் மொட்டை மாடியிலதான் பண்ணுனேன், கண்ணாடி மேல ஆட்டாங்கல்லு குழவியை பாரம் வெச்சு. ஆனா ஒரு மேகம் குறுக்க வந்தா கணக்கு போச்சு, பங்குனி வெயிலும் மார்கழி வெயிலும் ஒண்ணு கிடையாது, நான் வேலை முடிஞ்சு வந்து உக்கார்றதே பொழுது சாஞ்சதுக்கு அப்பறம். ஒரே டிசைன்ல நாலு கலருக்கு நாலு ஸ்கிரீன் எடுக்கோணும்னா நாலும் ஒரே மாதிரி வரோணும், அதுக்குத்தான் பெட்டி. வருசத்துக்கு ரெண்டு ஸ்கிரீன் எடுக்கறவங்களுக்கு வெயிலே போதும், காசை மிச்சம் பண்ணுங்க.

இப்ப எப்படி இதெல்லாம் சீப்பா கெடைக்குது? எங்க தேடறது?

ஆப்செட் பிரஸ்ல கம்ப்யூட்டர்ல இருந்தே நேரா பிளேட் அடிக்கற மெஷின் வந்ததுல இருந்து பிலிம் வெச்சு பிளேட் எக்ஸ்போஸ் பண்ற பெட்டியெல்லாம் மூலையில தூங்குது. திருப்பூர்ப் பக்கம் டிடிஎஃப் (பிலிம்ல பிரிண்ட் எடுத்து துணியில ஒட்டறது), டிஜிட்டல் பிரிண்டிங்னு போனதுல சின்ன ஸ்கிரீன் யூனிட்டுங்க கொஞ்சம் மூடிட்டாங்க. கோயம்புத்தூர், ஈரோடு, கரூர் எங்க வேணாலும் பிரஸ்காரங்க கிட்ட, ஸ்கிரீன் மெட்டீரியல் விக்கற கடையில ஒரு வார்த்தை சொல்லி வெச்சீங்கன்னா ரெண்டு மாசத்துல தகவல் வரும். காயலான் கடைக்குப் போறதுக்கு முன்னாடி பிடிச்சிரோணும், அங்க போனா மொதல்ல கண்ணாடிதான் உடையும். பிளேட் எக்ஸ்போஸ் பண்ற பெட்டியும் ஸ்கிரீனுக்கு ஆகும், ஆனா அதுல ரப்பர் ஷீட்டு தட்டையான பிளேட்டுக்குன்னு டைட்டா இருக்கும், ரெண்டு இஞ்ச் ஒசரமுள்ள ஸ்கிரீன் பிரேமை உள்ள வெச்சா மூடி மூடாது. வாங்கப் போறப்ப உங்க பிரேம் ஒண்ணை கையோட எடுத்துட்டுப் போயி உள்ள வெச்சு மூடிப் பாருங்க.

நேர்ல பாக்கறப்ப என்னென்ன பாக்கோணும்?

மொதல்ல ரப்பர் ஷீட்டுங்க. மூடியைத் தொறந்து ரெண்டு கையிலயும் இழுத்து, டார்ச் லைட்டை பின்னால இருந்து அடிச்சுப் பாருங்க, ஊசி முனை அளவுக்கு ஓட்டை இருந்தாலும் தெரிஞ்சிரும். மடிப்பு விழற எடத்துலதான் மொதல்ல வெடிக்கும். ஓரத்துல ஒரு ரப்பர் வரம்பு ஓடும் பாருங்க, அது கல்லு மாதிரி இறுகிப் போயிருந்தா காத்து பிடிக்காது. அப்பறம் பம்பை ஓட்டச் சொல்லி, வேக்குவம் (காத்தை எத்தன தூரம் உறிஞ்சுதுன்னு) காட்டற மீட்டரைப் பாருங்க. 20 இஞ்சுக்கு (பாதரச அளவு) மேல முள்ளு ஏறுச்சுன்னா நல்ல பெட்டி, பம்பை ஆஃப் பண்ணுன ஒடனே முள்ளு தடால்னு விழுந்தா எங்கியோ லீக். பம்புல ஆயில் போடற வகையா இருந்தா ஆயில் எந்த நிறத்துல இருக்குதுன்னு பாருங்க, பால் கலந்த டீ மாதிரி இருந்தா உள்ள தண்ணி போயிருக்குது, ஈர ஸ்கிரீனை வெச்சு ஓட்டிருக்காங்கன்னு அர்த்தம்.

கண்ணாடியில கீறல் இருக்குதான்னு கையில தடவிப் பாருங்க, கண்ணுல பாத்தா ஏமாந்துருவீங்க. டியூப்ப பொறுத்தவரைக்கும் எரியுதாங்கறது ஒரு கணக்கே இல்ல. யூவி டியூப் பாக்க ஜோரா எரியும், ஆனா யூவி பாதிகூட வராது, வயசாக ஆக அது குறைஞ்சுட்டே போகும், கண்ணுக்குத் தெரியாது. நுனி ரெண்டும் கருத்திருந்தா பழசுன்னு வெச்சுக்கிட்டு, மொத்த டியூபுக்கும் புதுசு வாங்கற காசை வெலையில இருந்து கழிச்சுக் கேளுங்க. எனக்கு 18,000 சொன்னாரு, டியூப் கணக்கைச் சொல்லிச் சொல்லி 11,500க்கு முடிச்சேன், அந்தண்ணன் பாவம் கடைசியில டீயும் வாங்கிக் குடுத்தாரு.

எடுத்துட்டு வர்றப்ப டியூப் எல்லாத்தையும் கழட்டி தனியா துணியில சுத்திக்கோங்க. கண்ணாடியையும் கழட்டி நிக்க வெச்சு கட்டுங்க, படுக்க வெச்சா நம்ம ரோட்டு ஸ்பீட் பிரேக்கர்ல ஒருக்கா குதிச்சாப் போதும்.

கொரோனா டைம்ல வித்த யூவி பெட்டி ஒண்ணு சும்மா கெடக்குது, அதுல பண்ணலாமா?

கூடவே கூடாதுங்க. இதைக் கொஞ்சம் நீளமாவே சொல்றேன், ஏன்னா நானே பட்டவன்.

யூவின்னா ஒண்ணு கிடையாது. 315ல இருந்து 400 நானோமீட்டர் வரைக்கும் ஏ வகை, அதுதான் நமக்கு வேணும். 280ல இருந்து 315 வரைக்கும் பி. அதுக்குக் கீழ சி வகை, கிருமியைக் கொல்றதுக்கு வெக்கறது, அதுல வர்ற லைட்டு 254 நானோமீட்டர். 2020ல வித்த கிருமி பெட்டி, தண்ணி பில்டர்ல இருக்கற யூவி டியூப் எல்லாம் பெரும்பாலும் இந்த வகைதான்.

நான் வாங்குன பெட்டியில ஒரு டியூப் போயிருச்சு. எலெக்ட்ரிகல் கடையில போயி "15 வாட்ஸ் யூவி டியூப் ஒண்ணு குடுங்க"ன்னேன், குடுத்தாங்க, ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு பின்னு, அளவும் அச்சு அசலா அதேதான், மாட்டுனேன், எரிஞ்சுது. ஸ்கிரீன் எடுத்துக் கழுவுனா அந்த டியூபுக்கு நேரா மேல ஒரு பட்டை மட்டும் எமல்ஷன் வழவழன்னு கழண்டு வருது. ஏன்னே புரியல. கண்ணாடியைத் தூக்கி சொவத்துல சாத்தி வெச்சுட்டு, டியூப்பெல்லாம் எரியவிட்டு, குனிஞ்சு பத்து நிமிசம் ஒவ்வொண்ணா நோட்டம் பாத்தேன். எல்லாமே எரியுது. சரின்னு மூடிட்டுப் போயி சாப்புட்டு படுத்துட்டேன். ராத்திரி ஒரு மணிக்கு எந்திரிச்சா கண்ணுல மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி இருக்குது, தெறக்க முடியல, தண்ணியா ஊத்துது. வெல்டிங் பட்டறையில வேலை செய்யறவங்களுக்கு வர்ற அதே சமாச்சாரம்தான், அப்பவே தெரியாது, பல மணி நேரம் கழிச்சுத்தான் காட்டும். காலையில கண் டாக்டர் கிட்ட போயி சொட்டு மருந்து வாங்கி ரெண்டு நாள் இருட்டு ரூம்ல கெடந்தேன்.

நடந்தது என்னன்னா கடையில குடுத்தது கிருமி டியூப். 254 லைட்டு சாதாக் கண்ணாடியைத் தாண்டாது, அதனால எமல்ஷனுக்கு எதுவும் போகல. கண்ணாடியைத் தூக்குன ஒடனே மொத்தமும் என் கண்ணுல.

அடையாளம் சுலபம். கிருமி டியூப் கண்ணாடி தெளிவா இருக்கும், உள்ள கம்பி சுருள் தெரியும், மேல ஜி15டி8ன்னோ டியூவின்னோ எழுதிருக்கும். நமக்கு வேண்டியது உள்ள வெள்ளைப் பூச்சு பூசுன டியூப், அணைஞ்சிருக்கறப்ப சாதா டியூப்லைட் மாதிரி இருக்கும், எரியறப்ப வெளிறுன நீலம். எஃப்15டி8 பிஎல்னு போட்டிருக்கும், பிலிப்ஸ்னா வாட்ஸுக்கு அப்பறம் /10னு முடியற ஆக்டினிக் டியூப். ஓட்டல், பேக்கரியில சொவத்துல மாட்டி ஈ பிடிக்கற மெஷின் இருக்குதல்லங்க, அதுக்குள்ள இருக்கற 15 வாட்ஸ் டியூப்பும் இதே வகைதான், 368 நானோமீட்டர் கிட்ட வரும். கடையில "ஈ மெஷின் டியூப்"னு கேட்டா ஒடனே எடுத்துக் குடுப்பாங்க. கருநீலக் கண்ணாடி போட்ட டிஸ்கோ டியூப்பும் ஆகும், வெலை எச்சா.

அப்ப சரியான டியூப்னா கண்ணால பாக்கலாமா?

வேண்டாங்க. ஏ வகை உடனே சுடாது, அதுக்காக முறைச்சுப் பாத்துட்டு நிக்க முடியாது. மூடியைத் தூக்குனா லைட்டு தானா அணையற மாதிரி ஒரு சுவிட்ச் வெச்சுருங்க, பிரிட்ஜ் கதவுல இருக்கறது மாதிரி. சைடுல லைட்டு கசிஞ்சா கருப்புத் துணி தொங்கவிடுங்க. வீட்டுல குழந்தைங்க இருந்தா மெயின் சுவிட்சு ஒசரத்துல இருக்கட்டும்.

டியூப் பெட்டி நல்லதா, மெட்டல் ஹேலைடு நல்லதா, எல்ஈடி நல்லதா?

மெட்டல் ஹேலைடுங்கறது ஒரே பல்பு, ஒரே புள்ளியில இருந்து லைட்டு வரும், அதனால நேரா போகும், புள்ளி புள்ளியா ஹாஃப்டோன் போட்டோ எடுக்கறவங்களுக்கு அதுதான் ராஜா. ஆனா கரண்டு தின்னும், சூடு, ஒருக்கா அணைஞ்சா ஆறுனதுக்கு அப்பறம்தான் மறுபடி பத்தும், அதுக்கு அஞ்சு பத்து நிமிசம் காத்திருக்கோணும். வெளிக்கண்ணாடி வெடிச்ச பல்பை ஒரு நிமிசம்கூட எரியவிடக் கூடாது, கெட்ட யூவி முச்சூடும் வெளிய வந்துரும். டியூப் பெட்டியில லைட்டு நாலாப்பக்கமும் பரவும், ரொம்ப மெல்லிசு கோடு கொஞ்சம் சன்னமாகும், ஆனா வேக்குவம் நல்லா இருந்தா எழுத்து, கோட்டோவியம், நம்ம கை டிசைனுக்கெல்லாம் தாராளம். எல்ஈடி பட்டையில சீப்பா கெடைக்கறது 395ல இருந்து 405 வரைக்கும், எமல்ஷனுக்கு ஓடும். பழைய பெட்டியில சோக்கு எல்லாம் போயிருந்தா உள்ள எல்ஈடி பட்டை ஒட்டிக்கறவங்க இருக்காங்க, நல்ல யோசனைதான், பட்டைக்குப் பட்டை இடைவெளி நெருக்கமா ஒட்டோணும், இல்லாட்டி ஸ்கிரீன்ல வரிக்குதிரை மாதிரி பட்டை பட்டையா விழும்.

வீட்டு கரண்டு தாங்குமா?

15 வாட்ஸ் பத்து டியூப்னா 150 வாட்ஸ், சோக்குக்கு கொஞ்சம், பம்புக்கு கொஞ்சம். மிக்ஸி எடுக்கற கரண்டுகூட இல்ல, சாதா பிளக்கே போதும். மெட்டல் ஹேலைடு 1 கிலோவாட்னா 15 ஆம்பியர் பிளக்கும் தனி லைனும் வேணும். 3 கிலோவாட்னா எலெக்ட்ரீசியனைக் கூப்புடாம தொடாதீங்க. எதுவா இருந்தாலும் எர்த் கண்டிப்பா இருக்கோணும், இரும்புப் பெட்டி, பக்கத்துலயே தண்ணி வெச்சு ஸ்கிரீன் கழுவறோம். பிளக்கைப் பிடுங்குன பின்னாலயும் உள்ள இருக்கற கெபாசிட்டர்ல கரண்டு நிக்கும், ஆர்வக்கோளாறுல கையை விட்றாதீங்க.

கண்ணாடி உடைஞ்சிருச்சு, எந்தக் கண்ணாடி போடறது?

சாதா பிளெயின் கண்ணாடி, 5 இல்லாட்டி 6 எம்எம், ஓரம் தேச்சு. கார் முன்கண்ணாடி மாதிரி நடுவுல ஷீட்டு ஒட்டுன லேமினேட்டட் கண்ணாடி வேண்டாம், அந்த ஷீட்டு யூவியை மறைச்சுரும். கலர் கண்ணாடியும் வேண்டாம். கண்ணாடியை மாத்துனா டைமும் மாறும், டெஸ்ட் மறுபடி எடுக்கோணும்.

வேக்குவம் சரியா வரமாட்டீங்குது, ஓரத்துல டிசைன் மங்கலா விழுது.

ரப்பர்ல சின்ன ஓட்டைன்னா சைக்கிள் டியூபுக்கு ஒட்டற பஞ்சர் ஒட்டே போதும், நான் நாலு எடத்துல ஒட்டிருக்கேன், ஒரு வருசமா நிக்குது. ஓரத்து வரம்பை ஈரத் துணியில தொடைச்சு டால்கம் பவுடர் கொஞ்சம் தடவுங்க.

ஆனா பாதிப் பேருக்கு பிரச்சனை ஓட்டையே இல்ல. பம்பு உறிஞ்சுன ஒடனே ரப்பர் போயி உறிஞ்சற ஓட்டையையே அடைச்சுக்கும், ஸ்கிரீனுக்கு நடுவுல இருக்கற காத்து வெளிய போக வழியில்லாம மாட்டிக்கும், மீட்டர் மட்டும் 22 இஞ்ச் காட்டும். அதுக்கு ஒரு பருத்திக் கயிறு எடுத்து ஒரு முனையை ஸ்கிரீன் பிரேமுக்கு உள்ள, இன்னொரு முனையை அந்த ஓட்டை கிட்ட போட்டுருங்க. கயிறு ஓரமா காத்து மெதுவா ஊர்ந்து வெளிய போயிரும். நான் பாவாடை நாடாதான் போட்டிருக்கேன். பம்பை ஓட்டி ரெண்டு நிமிசம் விட்டு, ரப்பர் பிரேம் மேல தோலு மாதிரி ஒட்டி மூலையெல்லாம் அச்சா தெரிஞ்சதுக்கு அப்பறம் லைட்டைப் போடுங்க. பிரேம் மூலை கூரா இருந்தா துணி சுத்துங்க, ரப்பரைக் கிழிச்சுரும்.

பம்பே போச்சுன்னா ஸ்கிரீனுக்குள்ள அளவா வெட்டுன ரெண்டு இஞ்ச் ஸ்பாஞ்சு, அது மேல பிளைவுட்டு, அது மேல பாரம். கண்ணாடி தாங்கற அளவுக்கு.

எத்தன நிமிசம்னு மட்டும் சொல்லுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்.

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்றதில்ல. என் பெட்டி, என் டியூப், என் எமல்ஷனுக்கு வர்ற நிமிசம் உங்களுக்கு வராதுங்க. ஒரு ஸ்கிரீனை இதுக்குன்னே செலவு பண்ணி நீங்களே கண்டுபிடிச்சுக்கோணும், ஒரு மணி நேர வேலை.

மெல்லிசும் தடிமனுமா கோடு, 6 பாயிண்ட்டுல இருந்து எழுத்து எல்லாம் இருக்கற மாதிரி ஒரு பாசிட்டிவ் (டிசைன் கருப்பா இருக்கற பிலிம்), ஸ்கிரீனோட முழு நீளத்துக்கும் அதே டிசைன் ஆறு தடவை. அதை ஸ்கிரீனோட சேத்து டேப் போட்டு ஒட்டிருங்க, நகரக் கூடாது. மொதல்ல மொத்த ஸ்கிரீனுக்கும் 1 நிமிசம். லைட்டை அணைச்சு, வேக்குவத்தை விட்டு, முத பட்டைக்கு அடியில கண்ணாடிக்கும் பிலிமுக்கும் நடுவுல கருப்பு அட்டையை சொருகி, இன்னொரு 1 நிமிசம். அட்டையை அடுத்த பட்டை வரைக்கும் தள்ளி 1 நிமிசம், மறுபடி தள்ளி 1 நிமிசம், அப்பறம் தள்ளித் தள்ளி 2 நிமிசம் ரெண்டு வாட்டி. கடைசியில உங்க கையில 1, 2, 3, 4, 6, 8 நிமிசம்னு ஆறு பட்டை இருக்கும். பென்சில்ல ஓரத்துல எழுதி வெச்சுக்கோங்க, நெனப்புல இருக்கும்னு நெனைக்காதீங்க.

கழுவறதுக்கு முன்னாடி மஞ்ச பல்பு வெளிச்சத்துல பாத்தாலே பட்டைக்குப் பட்டை நிறம் மாறிருக்கறது தெரியும். கழுவிக் காய வெச்சுட்டு வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க. டயசோ போட்ட எமல்ஷன்ல மஞ்ச நிறம் லைட்டு படப் பட வெளுக்கும், முழுசா வெந்துருச்சுன்னா (லைட்டுல கெட்டியாயிட்டா) அதுக்கு மேல வெளுக்காது. எனக்கு 1 நிமிசப் பட்டை மொத்தமும் தண்ணியோட போயிருச்சு. 2ல ஸ்குவீஜி பக்கம் (இங்க்கை ரப்பர்ல இழுக்கற உள்பக்கம்) விரலை வெச்சா வெண்டைக்காய் நறுக்குன கத்தி மாதிரி வழவழப்பு. 3ல டிசைன் வந்துருச்சு, ஆனா ஊசி ஓட்டை, நிறமும் கரும்மஞ்சள். 4க்கும் 6க்கும் நடுவுல நிறம் துளி வித்தியாசம், 6க்கும் 8க்கும் வித்தியாசமே இல்ல. அதே 8ல 6 பாயிண்ட் எழுத்துல "இ" மாதிரி சுழியெல்லாம் அடைச்சு கட்டி தட்டிருந்துச்சு. அதனால நிறம் நிக்கற எடத்துக்கும் எழுத்து அடைக்கற எடத்துக்கும் நடுவுல அஞ்சரை நிமிசம்னு வெச்சுக்கிட்டேன். 77டி மெஷ்ஷுக்கு (சென்டிமீட்டருக்கு 77 நூல் உள்ள வலை), ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு கோட்டிங் அடிச்சதுக்கு அந்தக் கணக்கு. கோட்டிங் தடிச்சா டைம் எச்சாகும். மஞ்ச நிற மெஷ்ஷுக்கும் எச்சா வேணும், ஆனா வெள்ளை மெஷ்ஷுல நூலுக்குள்ளயே லைட்டு ஓடி பக்கத்துல சிதறும், மஞ்சள்ல சிதறாது, கோடு கூரா வரும்.

21 படி உள்ள கிரே ஸ்கேல் பிலிம் கெடைச்சா இன்னும் சுலபம். அதுல ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவுல லைட்டு சுமாரா 1.4 மடங்கு, ரெண்டு படின்னா சரியா ரெட்டிப்பு. பெரும்பாலும் 7வது படி கெட்டியா நிக்கறதுதான் கணக்கு. உங்களுக்கு 5ல நின்னா டைமை ரெண்டு மடங்காக்குங்க, 9ல நின்னா பாதியாக்குங்க.

நேத்து அஞ்சரை நிமிசத்துல வந்துச்சு, இன்னிக்கு அதே டைம்ல வரலையே?

வோல்டேஜா இருக்கும். பழைய பெட்டியில இரும்பு சோக்கு, வோல்டேஜ் எறங்குனா லைட்டும் எறங்கும். எங்க பக்கம் பொழுதோட தறி, பட்டறை எல்லாம் ஓடறப்ப எறங்குது, ராத்திரி ஒம்பது மணிக்கு மேல சரியாகுது. எலெக்ட்ரானிக் சோக்கு மாத்துனதுக்கு அப்பறம் இந்தத் தொல்லை பெருசா இல்ல. இன்னொண்ணு, டியூப் சூடாகாம இருக்கறப்ப முத ஸ்கிரீனுக்கு லைட்டு கம்மியா வரும், ஸ்கிரீன் வெக்கறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு நிமிசம் வெறும் பெட்டியை எரியவிட்டு அப்பறம் ஆரம்பிங்க. ஒரு டியூப் போச்சுன்னா ஒண்ணை மட்டும் மாத்தாதீங்க, புதுசுக்கு மேல இருக்கற எடம் மட்டும் எச்சா வேகும். மாத்துனா மொத்தமா மாத்துங்க.

பாசிட்டிவ் எந்தப் பக்கம் வெக்கோணும்? எனக்கு எழுத்து திரும்பி விழுந்துருச்சு.

லைட்டு கீழ இருக்கற பெட்டின்னா, பிலிமை இங்க் இருக்கற பக்கம் மேல பாக்க, எழுத்து நேரா படிக்க வர்ற மாதிரி கண்ணாடி மேல வெச்சு, அது மேல ஸ்கிரீனோட அடிப்பக்கத்தை கவுத்துங்க. இங்க் எமல்ஷனைத் தொட்டே ஆகோணும். பிலிம் காசு எச்சாங்கறவங்க டிரேசிங் பேப்பர்ல லேசர் பிரிண்ட் ரெண்டு எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு பொருத்தி ஒட்டிக்கலாம், சன்னலுக்கு நேரா பிடிச்சா கருப்புக்குள்ள வெளிச்சம் தெரியக் கூடாது.

ஐப்பசி மழைக்கு கழுவறப்ப ஸ்கிரீன் முச்சூடும் போயிருது.

எமல்ஷன் காயலீங்க. தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள ஈரம். ஈர எமல்ஷன் எத்தன நேரம் வெச்சாலும் சரியா வேகாது. நான் பழைய மர அலமாரி ஒண்ணுல அடியில சின்ன ஃபேன் வெச்சு, கதவைச் சாத்தி, ஸ்கிரீனை அடிப்பக்கம் கீழ பாக்க படுக்க வெச்சு ராத்திரி முழுக்க விட்டுர்றேன். சூடு காட்டறதா இருந்தா 40 டிகிரிக்கு மேல போகக் கூடாது. அந்த ரூம்ல மஞ்ச ஜீரோ வாட்ஸ் பல்பு போதும்.

ஆடி மாசம் இதுக்கு நேர் எதிர். பாலக்காட்டுக் கணவாய்க் காத்துக்கு சீக்கிரம் காஞ்சிரும், ஆனா புழுதி முச்சூடும் எமல்ஷன் மேல. ஒரு தூசிக்கு ஒரு ஊசி ஓட்டை. சன்னலைச் சாத்திட்டு தரையில தண்ணி தெளிச்சுட்டு கோட்டிங் அடிங்க, கண்ணாடியை ஒவ்வொரு ஸ்கிரீனுக்கும் தொடைங்க.

எமல்ஷன்ல டயசோவுக்குப் பதிலா கலக்கற பைகுரோமேட் சீப்பா கெடைக்குது, எல்லாரும் அதைத்தானே போட்டாங்க?

போட்டாங்க, நானும் கையுறை இல்லாம போட்டிருக்கேன். அதுல இருக்கற குரோமியம் புத்துநோய் வரவெக்கற வகை, தோல்ல புண்ணாக்கும். கழுவுன தண்ணி எங்க போகுதுன்னு யோசிங்க. நொய்யல் ஆறு கெட்டுப் போயி, 2011 ஜனவரியில சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி ஹைகோர்ட் ஆர்டர் போட்ட ஊரு இது. டயசோ எமல்ஷன் வாங்குங்க, கலக்கி பிரிட்ஜ்ல வெச்சா வாரக்கணக்குல வரும், சாப்பாட்டுக்கு வெக்கற பிரிட்ஜ்ல வேண்டாம். ரெடியா வர்ற போட்டோபாலிமர் இன்னும் வேகம், கலக்கற வேலையே இல்ல, ஆனா டைம் அரை நிமிசம் தப்புனாலும் காட்டிக் குடுத்துரும்.

இதே பெட்டியில சயனோடைப் (யூவி பட்டா நீலமாகற மருந்தைப் பூசி எடுக்கற பிரிண்ட்) எடுக்கலாமா?

அருமையா வரும், எனக்கு ஸ்கிரீனை விட இதுலதான் ஆசை. 1842ல ஜான் ஹெர்ஷல் கண்டுபிடிச்சது, அடுத்த வருசமே அன்னா அட்கின்ஸ்ங்கற அம்மா கடல்பாசிகளை காகிதத்து மேல வெச்சு நீல நிறத்துல புத்தகமாவே போட ஆரம்பிச்சுட்டாங்க. 100 மில்லி தண்ணிக்கு ஃபெர்ரிக் அமோனியம் சிட்ரேட் 25 கிராம் ஒரு பாட்டில், இன்னொரு 100 மில்லிக்கு பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு 10 கிராம் வேற பாட்டில், பூசறப்ப சமமா கலந்து அன்னிக்கே தீத்துருங்க. ஃபெர்ரிசயனைடு கிட்ட ஆசிட் பாட்டில் எதையும் கொண்டு போகாதீங்க, கடும் ஆசிட் பட்டா விஷ வாயு வரும்.

பனியன் துணி இழுபடும், சோமனூர் பக்கம் வாங்கற காடா துணி நல்லா இருக்கும், ஆனா கஞ்சி போக ரெண்டு தண்ணி அலசிட்டுத்தான் பூசோணும். பூசி இருட்டுல காய வெச்சு, மேல வேப்பிலைக் கொத்தோ பிலிமோ வெச்சு பெட்டியில வெங்க. பிலிம்னா எழுத்தைத் திருப்பி பிரிண்ட் எடுத்து, இங்க் துணியைத் தொடற மாதிரி. பச்சை கலந்த மஞ்சளா இருக்கறது நீலமாகி அப்பறம் சாம்பல் பூத்த வெண்கலம் மாதிரி ஆகும், அப்பத்தான் எடுக்கோணும். என் பெட்டியில ஸ்கிரீனுக்கு ஆகறதை விட மூணு மடங்கு நேரம் ஆகுது.

கழுவுனா நீலம் வெளுத்துப் போகுதே?

போர்த் தண்ணியில கழுவுனீங்களா? நம்மூர் உப்புத்தண்ணியில காரம் எச்சா, அந்த நீலத்துக்கு காரம் ஆகாது. ஒரு வாளிக்கு ஒரு கரண்டி வினிகர் ஊத்தி முத தண்ணி அலசுங்க, அப்பறம் ஆத்துத் தண்ணியோ மழைத் தண்ணியோ. மஞ்ச நிறம் ஓடற வரைக்கும் அலசுனாப் போதும். அந்தத் துணியை சோடா, சோப்பு பவுடர் போட்டு ஊற வெச்சா நீலம் மஞ்சளாயிரும், எங்கம்மா ஒருக்கா தலகாணி உறை ஒண்ணை வாஷிங் மெஷின்ல போட்டு வேப்பிலையை சருகாக்கிட்டாங்க.

கழட்டுன பழைய டியூபை என்ன பண்றது?

உள்ள பாதரசம் இருக்குது, உடைக்காம வந்த அட்டைப் பெட்டியிலயே போட்டு வெச்சு இ-வேஸ்ட் எடுக்கறவங்க கிட்ட குடுங்க. என்கிட்ட பத்து இன்னும் பரண் மேல இருக்குது, அந்த கிருமி டியூப்பையும் சேத்தா பதினொண்ணு.